தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருந்தது

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம், எங்கள் வீட்டு பாத்ரூமில் ஒருவன் ஷவரைக் கையில் பிடித்துக்கொண்டு, பச்சைக் குழம்பு வழியும் ஒரு சட்டத்தைப் பார்த்து அலறினான். யார் அந்த அறிவாளி? நான்தான். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

மறுநாள் காலை, இங்கே ஆக்லாந்தின் கிளென்ஃபீல்டில் பெண்கள் த்ரோபால் போட்டி. என் மனைவி மாலதி கேப்டன். பதினான்கு வெள்ளை டி-ஷர்ட்டில் அணியின் பெயரை அச்சடிக்க வேண்டும். ‘ஆல்பனியில ஒரு கடை இருக்கு, குடுத்துடலாம்’ என்றாள். ‘கடை எதுக்கு? வீட்டுல நான் எதுக்கு இருக்கேன்?’ என்றேன். இரண்டாவது கேள்விக்கு அவள் பதில் சொல்லாதது பெருந்தன்மை.

ஸ்கிரீன் பிரிண்டிங் பெரிய வித்தை இல்லை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் எமல்ஷன் என்ற பசையைப் பூசி, இருட்டில் காயவைக்க வேண்டும். டிசைனை மேலே வைத்து விளக்கைக் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும்; எழுத்து மறைத்த இடம் மட்டும் தண்ணீரில் கரையும், அதன் வழியே மை சட்டையில் இறங்கும். வீடியோக்காரர்கள் பூசுவதைப் பத்து நிமிடம் காட்டுகிறார்கள். காயவைப்பதற்கு ஒரே வரி — ‘காய்ந்ததும் எடுங்கள்.’ அந்த மகான்கள் யாரும் ஆக்லாந்தில் வாடகைக்கு இருந்ததில்லை. இங்கே வீட்டுக்குள் இருக்கும் ஈரத்தில் ஜீன்ஸ் காயவே மூன்று நாள் யோசிக்கும்!

நான் சும்மாவா? இருட்டும் சூடும் ஒன்றாகக் கிடைக்கும் இடத்தைக் கண்டுபிடித்தேன் — வீட்டுக்கெல்லாம் சுடுதண்ணீர் சேர்த்து வைக்கும் சிலிண்டர் நிற்கும் அலமாரி. வியாழக்கிழமை உள்ளே வைத்து மூடினேன். வெள்ளி சாயங்காலம் விரலால் தொட்டேன். ஒட்டவில்லை. விளக்கைக் காட்டித் தண்ணீர் அடித்தால்… எழுத்து மட்டுமா கரைந்தது? மொத்தமும் தோல் உரிந்தாற்போல் வழுக்கி இறங்கியது.

மனுரேவாவில் இருக்கும் குகன் அண்ணாவுக்கு போன் போட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், அச்சுப் பட்டறையில் வேலை.

‘தம்பி, அந்த அலுமாரிக்குள்ள வேற என்ன கிடந்தது?’

‘ஒண்ணுமில்லண்ணா. மாலதி ஒரு தட்டு மோர் மிளகாய் காயவெச்சிருக்கா.’



‘மோருக்குள்ள ஊறின ஈர மிளகாய்?’

‘ஆமா.’

‘ஓம்… அப்ப நீர் ஸ்கிரீனைக் காயவைக்கேல்லை. அவிச்சிருக்கிறீர்.’

மிளகாய் விட்ட ஈரம் மூடிய கதவைத் தாண்டி எங்கே போகும்? மேலே காய்ந்த நடிப்பு, உள்ளே சொதசொத. விரலால் ஒரு தடவு தடவிவிட்டு ‘ஆச்சு’ என்று தீர்ப்பு சொல்கிற ஆட்கள் இருக்கிறார்களே… அந்தச் சங்கத்துக்கு நான் தலைவர்.

குகன் அண்ணா பாடம் எடுத்தார். ‘வெறும் அறை, இருட்டு, டீஹியூமிடிஃபையர். ஃபேனை மெல்லமா விடும். சட்டையில படுற பக்கம் கீழ இருக்கிற மாதிரி ஸ்கிரீனைப் படுக்க வையும். முதல்ல கழுவின வலை நல்லாக் காயோணும், பிறகுதான் பூசுறது. ஹெயர் ட்ரையரைத் தொட்டீரெண்டால் என்னோட கதைக்க வேண்டாம்!’

டீஹியூமிடிஃபையர் எங்கள் ஹாலில் தினமும் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வாளி நிறையத் தண்ணீர் பிடிக்கிறது. அதைத் தாண்டி நடந்துபோய்த்தான் நான் அலமாரியைத் திறந்திருக்கிறேன்!

படுக்கையறையைக் காலிசெய்து, ஜன்னலில் கறுப்புப் போர்வை கட்டி, வலை காய்ந்ததும் சனிக்கிழமை விடிந்தபோது மறுபடி பூசினேன். எட்டரைக்கு மாலதி கதவைத் தட்டினாள்.

‘என்னங்க, ஆச்சா?’

‘தொட்டா ஒட்டலை. ஆனா உள்ளே காயணும். இன்னும் ரெண்டு மணி நேரம்.’

‘ஒன்பதரைக்கு மேட்ச்!’

‘கதவைத் திறக்காதே, வெளிச்சம் வந்துடும்!’

‘நல்லா இருங்க. உள்ளேயே இருங்க.’

வெள்ளைச் சட்டைகளை அள்ளிக்கொண்டு அவள் தோழியின் காரில் ஏறும் சத்தம் கேட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அவசரப்படாமல் ஒரு வேலை செய்கிறேன் — அதற்கு இந்தக் காலையா கிடைத்தது?

பத்தரைக்கு விளக்கைக் காட்டித் தண்ணீர் அடித்தேன். ஆஹா! ஒவ்வொரு எழுத்தும் கத்தியால் வெட்டினாற்போல் திறந்தது. இதை யாரிடமாவது காட்டாவிட்டால் வெடித்துவிடுவேன். என் பழைய டி-ஷர்ட்டில் அச்சடித்து, இஸ்திரிப்பெட்டியால் சூடுகாட்டி, மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினேன்.

அவர்கள் வெறும் வெள்ளைச் சட்டையிலேயே ஜெயித்துவிட்டு, போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். ‘ராசியான சட்டை, இனிமே இதுல மை படக் கூடாது’ என்று அறிவித்தாள் கேப்டன். பிறகு என் மார்பைப் பார்த்தாள். பதினான்கு பேரும் பார்த்தார்கள்.

அணியின் பெயர் அன்றைக்கு அந்த மைதானத்தில் ஒரே ஒரு தொப்பைமேல்தான் இருந்தது — ‘வீர மங்கையர்.’