தையல் மிஸ் மிதிக்கச் சொன்னபோது

நான் தைரியசாலி இல்லை. தையல் மிஷின் வீட்டுக்கு வந்த அன்றே அதைக் கண்டு பயந்தேன். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர், முதலாளி வீட்டில் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய கால்மிஷினை ராகலை வரைக்கும் பஸ்ஸில் கொண்டுவந்து, அங்கிருந்து ஆட்டோவில் ஏற்றி தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் இறக்கினார். "வீட்ல சும்மாதானே இருக்க, பழகிக்க" என்றார். பத்து மாதப் பையனும் நாலு வயது மகளும் உள்ள வீட்டில் எவள் சும்மா இருந்தாள் என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும். 

பையனுக்குச் சளி விடாமல் பிடித்திருந்ததால் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் அவனை விட மனம் வரவில்லை. அதனால் நானும் கொழுந்தெடுக்கப் போகவில்லை. பகலில் லயமே காலியாகிவிடும். நானும் பிள்ளைகளும் மிஷினும்தான் மிச்சம். மிதித்தால் ஊசி இறங்குகிற வேகமும், சில நேரம் சக்கரம் தன் பாட்டுக்குப் பின்னால் சுற்றி நூலை அறுக்கிற விதமும் எனக்குப் பிடிபடவே இல்லை. நமக்கு அடங்காத ஒன்றை நடுவீட்டில் கட்டிப் போட்டிருக்கிறோம் என்றே தோன்றும்.

சொல்லித்தர ஆளில்லை. போனில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவர் தையல் வகுப்பு எடுப்பார், அதைத்தான் பார்த்தேன். லயத்தில் எங்கள் பங்கான காம்பராவில் சிக்னல் கிடைப்பது ஜன்னல் கட்டையில் மட்டும். மிஷினை அங்கே நகர்த்தலாம் என்றால் ஜன்னலுக்கு மேலே தகரம் ஒழுகும். ஆகவே போன் ஜன்னலில், நான் சுவரோரம். சத்தத்தைக் கூட்டி வைத்துக் காதால் கேட்டே பழகினேன். மகள் அந்தப் பெண்ணுக்கு 'தையல் மிஸ்' என்று பெயர் வைத்திருந்தாள். திரும்பத் திரும்பக் கேட்டு அவளுக்குப் பாடம் முழுவதும் மனப்பாடம். நான் பிழை விட்டால், "மிஸ் அப்பிடி சொல்லலயேம்மா" என்பாள்.

நான் செய்த பெரிய முட்டாள்தனம் ஒன்றும் உண்டு. முதல் வாரத்தில் அவள் நச்சரிப்புத் தாங்காமல், ஊசி ஓடாதபடி மிஷினின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, "மிதிச்சி வெளையாடு" என்று நானே அவளை மிதிக்கட்டையில் ஏற்றிவிட்டேன். அவள் ஊஞ்சல் மாதிரி ஆடினாள், நான் நிம்மதியாகச் சோறு வடித்தேன். அந்த நேரத்தில் என் புத்தி எங்கே போயிற்று என்று இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

அன்று காலை நல்ல பனிமூட்டம். பெண்கள் எல்லாரும் கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விட்டார்கள், பகல் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார்கள். வாசலுக்கு முன்னால் ஆழமான தண்ணீர்க் கான் ஓடுவதால், பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்று கதவை உள்ளே கொண்டி போட்டிருந்தேன். பையன் சேலைத் தொட்டிலில் தூங்கினான். நான் அவனுக்கு ஒரு பிளனல் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். கழுத்துப் பக்கம் துணி இரண்டு மடிப்பு. தடிப்பில் மாட்டிக்கொண்டு நகரவில்லை. இடது கை ஆள்காட்டி விரலால் உந்திக்கொண்டே மிதித்தேன்.

ஊசி நகத்தின் மேல் இறங்கியது. வலிக்கு முன்னால் 'டக்' என்ற சத்தம்தான் கேட்டது. இரண்டு காலையும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். விரல் துணியோடு சேர்ந்து ஊசியில் நின்றது. சக்கரத்தைச் சுற்றினால் ஊசி மேலே வரும் என்று தெரியும். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று தெரியவில்லை. மாற்றிச் சுற்றினால் இன்னும் கீழே இறங்கும். அதை யோசிக்கும்போதுதான் என் முழங்காலுக்குக் கீழே ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தேன். மகள் மிதிக்கட்டையில் ஏறி, இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா காலை எடுத்துவிட்டால் அடுத்தது தன் முறை என்று நினைத்திருக்கிறாள்.

ஜன்னலில் இருந்து தையல் மிஸ் சொன்னார்: "இப்ப மெதுவா மிதிங்க."

அவள் மிதித்தாள்.

எழும்பிய ஊசி, நான் விரலை இழுப்பதற்குள் திரும்பவும் இறங்கியது. வலது கையால் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துவிட்டேன். இடது கை ஊசியில், வலது கை சக்கரத்தில். சக்கரத்தை விட்டுவிட்டு அவளைத் தூக்கலாம் என்றால், விட்ட அந்த நொடியில் அவள் மிதித்துவிடுவாள். கத்தலாம் என்றால் இன்னும் மோசம். யாராவது அதட்டினால் இரண்டு காலாலும் தொம் தொம் என்று மிதிப்பது அவள் பழக்கம். வாய் ஒன்றுதான் பாக்கி. 

"கண்ணு, எறங்குடா."

"இருங்கம்மா, மிஸ் சொல்றாங்க."

"தம்பி அழுவுறான் பாரு, போய் ஆட்டு."

அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "தூங்குறான்" என்றாள்.

என் கைக்குள் சக்கரம் வழுக்கியது. விரல் போனால் கொழுந்தெடுக்கிற வேலை போகும், அந்தப் பயம் ஒருபக்கம். ஆனால் அதைவிட வேறொன்றுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. எங்கள் லயத்தில் ஒருமுறை ஒரு காரியம் செய்தால் அதுவே ஆயுசுக்கும் பட்டப்பெயர். ஆறு வயதில் விளையாட்டாக விறகுக்கட்டைக் கொளுத்தியவரை, பேரன் எடுத்த பிறகும் 'நெருப்பு வச்சான்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அம்மாவின் விரலை ஓட்டை போட்டவள் என்று இவளுக்கு ஒரு பெயர் விழுந்தால், கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இவள் அதைச் சுமந்துகொண்டே வளர்வாள். தான் என்ன செய்தோம் என்று இவளுக்குத் தெரியவே கூடாது.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கங்காணியிடம் ஏச்சு வாங்கியபோதும், பிரசவ வலியில் லொறியில் போனபோதும் நான் என் பயத்தை வெளியே காட்டியதில்லை. பிள்ளைகளிடம் சொன்னதே இல்லை. அன்றைக்கு வேறு பொய் எதுவும் கிடைக்காமல்தான் உண்மையைச் சொன்னேன்.

"அம்மாவுக்குப் பயமா இருக்கு. வந்து பக்கத்துல நிக்கிறியா?"

அவள் அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாள். மெல்ல ஒரு காலை எடுத்தாள், அப்புறம் மற்றதையும். சுற்றி வந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறங்கிய வழியிலேயே ஏறட்டும் என்று நான் சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றினேன். பின்னால் சுற்றாதீர்கள், நூல் சிக்கும் என்று மிஸ் பத்துத் தடவை சொல்லியிருக்கிறார். சிக்கினால் சிக்கட்டும். ஊசி மேலே வந்தது. விரலைச் சட்டைத் துணியாலேயே சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். 

"பயம் போயிருச்சா?" என்று கேட்டாள் மகள்.

"இன்னும் இல்ல."

அவளும் என்னோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். பாதையில் பெண்களின் பேச்சுக் குரல் கேட்கும் வரை எழும்பவில்லை.

நான் கொண்டியை எடுத்ததும் பக்கத்துக் காம்பரா அக்கா உள்ளே வந்து துணியை அவிழ்த்து விரலைக் கழுவினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் புள்ள, ஒருக்கா குத்துனா ரெண்டு ஓட்ட எப்பிடி வந்திச்சி?"

மகள் என் மடியில்தான் இருந்தாள். "பயத்துல நானே இன்னொரு மிதி மிதிச்சிட்டேன்க்கா" என்றேன். அக்கா சிரித்த சிரிப்பில் பையன் எழும்பிவிட்டான். பின்னேரத்துக்குள் விஷயம் லயம் முழுக்கப் பரவி, எனக்கு 'ரெண்டு குத்து' என்று பெயராகிவிட்டது. மகளும் தன் பங்குக்கு வாசலில் நின்று, "அம்மா பயந்துட்டாங்க, நான்தான் பக்கத்துல இருந்தேன்" என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கேலி செய்வதை நான் கண்டுகொள்ளவில்லை. அவளுக்கு ஒரு பெயரும் விழவில்லை, அது போதும்.

இப்போது பையனைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு மறுபடியும் மலைக்குப் போகிறேன். நகம் இரண்டாகப் பிளந்துதான் வளர்கிறது. குளிர் காலையில் அந்த விரல் மரத்துப்போய், கொழுந்தைக் கிள்ள ஒரு நொடி பிந்தும். மகள் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். சில நேரம் அந்த விரலைப் பிடித்து வாயால் ஊதிச் சூடாக்குவாள். "ஏம்மா அன்னைக்கு ரெண்டாவது தடவ மிதிச்சீங்க? மிஷின்ல அவ்வளவு கவனமில்லாம இருக்கலாமா?" என்று ஏசவும் செய்வாள். நான் தலையை ஆட்டுவேன்.

இதை அவளுடைய பழைய கொப்பியில் மிஞ்சிய தாள்களில்தான் எழுதுகிறேன். பிஸ்கட் உறையிலிருந்து பஸ் பலகை வரை இப்போது எதைக் கண்டாலும் எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். கொஞ்சம் முந்தி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "என்னாம்மா எழுதுறீங்க?" என்று கேட்டாள்.

"தம்பியோட சட்ட அளவு" என்றேன்.

"காட்டுங்க, நான் வாசிக்கிறேன்" என்று கையை நீட்டினாள்.