சரோஜா டீச்சர் கையில் இருந்த காப்பு

சரோஜா டீச்சர் போய்விட்டார். இன்று விடியற்காலை... ஹார்ட் அட்டாக். காட்டுப்பாக்கம் வீட்டில் வைத்திருக்கிறோம், சாயங்காலம் எடுக்கிறோம்.

பாரிவாக்கத்தில் என் வயசுக்காரர்கள் பாதிப் பேர் அவரிடம் டியூஷன் படித்தவர்கள்தான். அம்மன் கோயில் மண்டபத்தில் நடக்கும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் எட்டாவது படித்த வருஷம், ஆடித் திருவிழாவில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்த ரவி அண்ணாவைக் கோயில் வாசலிலேயே வெட்டிக் கொன்றான் ஒருவன். நிலத் தகராறு. சொம்போடு வரிசையில் நின்றதெல்லாம் பிள்ளைகள்.

அவன் பெயரை இங்கே எழுதவில்லை. வக்கீல் வேண்டாம் என்றார். கேஸ் இன்னும் வாய்தா வாய்தா என்று இழுக்கிறது, அவன் பெயிலில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சுற்றுகிறான்.

அதற்கப்புறம் எந்தப் பிள்ளையும் கோயில் பக்கம் போகவில்லை. பம்பைச் சத்தம் கேட்டாலே என் தங்கை கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வாள்.

டீச்சர்தான் வீடு வீடாக வந்து எங்களைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அதே மண்டபத்துக்கு.

"இன்னிக்குப் பாடம் கெடியாது. எல்லாரும் அவன திட்டுங்க. இன்னா வேணா திட்டுங்க."

"கோயில்ல கெட்ட வார்த்த பேசலாமா டீச்சர்?" என்று கேட்டேன்.

"ஆத்தாவும் பாத்துகினுதான இருந்தா. அவளும் கேக்கட்டும், பேசு."

பேசினோம்... அழுதுகொண்டே. பிறகு ஆளுக்கொரு பிடி உப்பும் மிளகாயும் கொடுத்து, சுற்றி நெருப்பில் போடச் சொன்னார். திருஷ்டி இருந்தால் நெடி வராது என்பார்கள். அன்று எல்லாருக்கும் இருமல்.

"நெடி வருதே டீச்சர், அப்ப நமக்கு திருஷ்டி இல்லியா?" என்றாள் என் தங்கை.

"நம்முளுக்கு இல்லடி. இது அவனுக்கு."

பல நாள் கழித்து அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள்.

காப்பு கட்டினால் திருவிழா முடிந்துதான் அவிழ்க்க வேண்டும். எங்கள் திருவிழா பாதியில் நின்றது. கோயில் கமிட்டி ஆட்கள் ஒரு பரிகாரம் செய்து காப்பை அவிழ்த்தார்கள், போலீசிடம் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? இன்றைக்கும் அவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

டீச்சர் மட்டும் அவிழ்க்கவில்லை. "எவ்ளோ நாளிக்கிமா கட்டிகினு இருப்ப?" என்று கமிட்டித் தலைவர் கேட்டதற்கு, "திருவிழா முடியலியே தலைவரே" என்றார். கயிறு நைந்தால் அதன்மேல் புதுக் கயிறு சுற்றிக்கொள்வார்.

சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டது அவர் ஒருவர்தான். நானும் பார்த்தேன் என்று சொன்னபோது, "நீ சின்னப் பொண்ணு, நான் பாத்துக்கிறேன்" என்று என் பெயரைச் சேர்க்க விடவில்லை. கடைசிவரை டீச்சரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவே இல்லை.

இன்று காலை அவன் வந்தான். பெரிய ரோஜா மாலையோடு.

"இன்னா பாப்பா, நவுரு. கடைசி மரியாத செய்ய வந்துகீறேன். பாவம், கோர்ட்டுக்கு அலஞ்சே ஒடம்பு பூட்ச்சி."

"டீச்சர் ஊட்டு வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது" என்றேன். மாலையைப் பிடுங்கி ரோட்டில் போட்டேன். அவன் சிரித்துக்கொண்டே காரில் ஏறினான். சாட்சி செத்துவிட்டது என்கிற சிரிப்பு.

குளிப்பாட்டும்போது டீச்சர் வீட்டுக்காரர் காப்பை அவிழ்த்தார். கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். "பொணத்துக் கையில இருந்தத கட்டலாமாடி?" என்று அத்தை ஒருவர் பதறினார். திருவிழா முடியவில்லை அத்தை என்றேன்.

வக்கீலிடமும் பேசிவிட்டேன்.

டேய், இதை நீ படிப்பாய் என்று தெரியும். அன்றைக்கு ரவி அண்ணா ஊற்றிக்கொண்டிருந்தது என் சொம்பில். உன் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது நான்தான். நான் இப்போது சின்னப் பொண்ணு இல்லை.

போய் வாங்க டீச்சர்... காப்பு என் கையில் இருக்கிறது.