மேசைக்கு வந்த ஹெல்மெட்

என் கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் காலண்டரும் இல்லை, சாமி படமும் இல்லை. முகம் முழுவதையும் மூடுகிற கறுப்பு ஹெல்மெட் ஒன்று தொங்குகிறது. பட்டுப் புடவைக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். மயிலும் அன்னமும் கேட்டு வருகிற தறிக்காரர்கள் திரையைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்க்கிறார்கள். உச்சியில் பள்ளம் விழுந்திருப்பது யார் கண்ணிலும் படாமல் போகாது. எங்கே விழுந்தீர்கள் என்று கேட்பார்கள். நான் விழவில்லை என்பேன். அதற்கு மேல் சொல்ல ஆரம்பித்தால் அன்றைய வேலை கெட்டுவிடும். மயிலுக்குக் கழுத்து எவ்வளவு நீளம் வேண்டும் என்று பேச்சை மாற்றிவிடுவேன்.

அது ஏட்டையாவின் ஹெல்மெட். வெளியூர்களில் போலீஸ் வேலை பார்த்து, தலைமைக் காவலராக ஓய்வு பெற்று, ஆரணியில் வந்து வீடு கட்டிக்கொண்டவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில் கூடுகிற நாலு பேரில் அவர் ஒருவர். மற்றவர்கள் பள்ளிக்கூடத்து பி.டி. சார், அரிசி மில் நடத்துகிற மில்லுக்காரர், நான். எங்களுக்குள் பொதுவாக இருந்தது பைக் பைத்தியம் ஒன்றுதான். செயினுக்கு எந்த எண்ணெய் நல்லது, மழையில் எந்த டயர் வழுக்காது என்று ஆரம்பிக்கும் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. மில்லுக்கு நெல் ஈரமாக வந்த பேஜார், பி.டி. சாரின் சர்ச்சில் பாட்டுக் குழுவுக்குள் நடந்த சண்டை, என் மனைவிக்கும் என் அம்மாவுக்கும் நடுவில் நான் படும் பாடு எல்லாம் டயருக்கும் பிரேக்குக்கும் இடையில் வந்து போகும். வீட்டில் சொல்ல முடியாததை அங்கே சொல்லிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யார் வண்டியிலிருந்து விழுந்தாலும், அடிபட்ட பொருளை அடுத்த ஞாயிறு டீக்கடை மேசைமேல் கொண்டுவந்து வைக்க வேண்டும். வளைந்த கிளட்ச் லீவரானாலும் கிழிந்த கையுறையானாலும் சரி. மற்றவர்கள் அதைத் தடவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஆள் எப்படி விழுந்தான், எதை வாங்கி மாட்டியிருந்தால் அடி குறைந்திருக்கும் என்று தீர்ப்புச் சொல்வார்கள். அதுவரை விழுந்தவன் வாயைத் திறக்கக் கூடாது. திருமலை போகிற வழியில் நாய் குறுக்கே வந்து நான் விழுந்தபோது, என் முழங்கால் கவசத்தை நடுவில் வைத்துக்கொண்டு டீ ஆறும்வரை என் மானத்தை வாங்கினார்கள். ஏட்டையா மட்டும் எதையும் மேசைக்குக் கொண்டுவந்ததில்லை. அவர் விழுந்ததே இல்லை.

ஆறடி ஆள். அவருடைய பழைய புல்லட்டின் டேங்கில் ஈ உட்கார்ந்தால்கூடப் பொறுக்க மாட்டார். சந்தை நாளில் பஸ் நிலைய நெரிசலுக்குள் புகுந்து, கால் தரையில் படாமல் மறுபக்கம் வந்து நிற்பார். அவர் சொல்லும் கதைகள் எல்லாமே அடி உதைக் கதைகள். யாரை எப்படித் துரத்திப் பிடித்தார், எந்த இடத்தில் அடித்தால் தடம் தெரியாது, எந்த இடத்தில் அடித்தால் பெரிய ரவுடியும் அம்மா என்பான் என்று அவர் நடித்துக் காட்டும்போது டீக்கடையே சிரிக்கும். வீட்டுக் கதையும் அதே மாதிரிதான். மனைவி காலமாகிவிட்டாள், ஒரே மகன். அவனை வளர்த்த விதத்தில் அவருக்குப் பெருமை. "பெல்ட்ட கழட்டி ஆணில மாட்டினாலே போதும் சார், எம் பையன் நின்ன இடத்துலயே மூத்திரம் வுட்டுடுவான்" என்று ஒருநாள் சொன்னார். அதற்கும் சிரித்தோம். அந்த மகன் இஞ்சினியரிங் முடித்து, போன இடங்களில் எல்லாம் யாரையாவது கை நீட்டி அடித்து வேலையை இழந்து, முப்பது வயதில் வீட்டோடு இருந்தான்.

ஒரு ஞாயிறு ஏட்டையா முழங்கை வீங்கி வந்தார். பெரணமல்லூர் ரோட்டில் மணலில் சறுக்கிவிட்டதாகச் சொல்லி, தேய்ந்துபோன ஃபுட்ரெஸ்ட் ரப்பரை மேசைமேல் வைத்தார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஏட்டையாவே விழுந்துவிட்டார்! ஆளுக்கு ஆள் யோசனை சொன்னோம். பின் டயரை மாற்றச் சொன்னோம், மாற்றினார். கொஞ்ச நாளில் விலா எலும்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். முன்னால் கட்டியிருந்த கம்பித் தடுப்பில் கீறல்கள் தெரிந்தன. பிரேக்கைப் பார்க்கச் சொன்னோம், பார்த்தார். பிறகு கண்ணுக்குக் கீழே கன்றிப்போய் வந்தார். கவசம் வைத்துத் தைத்த ஜாக்கெட் வாங்கச் சொன்னோம், வாங்கினார். அதைப் போட்டுக்கொண்டு வந்த அன்று, முதுகில் ஒரு கட்டை வந்து விழுந்தால் இது தாங்குமா என்று கேட்டார். கட்டை எங்கிருந்து வரும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. பி.டி. சார் அடுப்பு விறகை எடுத்து அவர் முதுகிலேயே ஓங்கி ஒரு போடு போட்டார். ஏட்டையா அசையவில்லை. தாங்குதுங்க என்றார். நல்ல சாமான் வாங்கிக் கொடுத்தோம் என்று எங்களுக்கு ஒரே குஷி.

அடுத்தடுத்து விழுந்தார். ஆளுக்கு வயசாகிவிட்டது, கண் சரியில்லை என்று அவர் காதில் விழும்படியே பேச ஆரம்பித்தோம். வரிசையில் முன்னால் போகிறவரைக் கடைசியில் வரச் சொன்னோம். மில்லுக்காரர் ஒருநாள் புல்லட்டை விற்றுவிட்டு ஸ்கூட்டி வாங்கிக்கொள்ளும்படி சொல்லிவிட்டார். வண்டி ஓட்டுகிறவனைப் பெண்டாட்டி எதிரில் செருப்பால் அடித்தால்கூட இவ்வளவு உறைக்காது. ஏட்டையா தலையைக் குனிந்தபடி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

பிறகுதான் இந்த ஹெல்மெட் மேசைக்கு வந்தது. உச்சியில் ஒரு பள்ளம். நான்தான் முதலில் தடவினேன். பள்ளத்தைச் சுற்றி ஒரு கீறல்கூட இல்லை. ரோட்டில் விழுகிற தலை சும்மா விழாது, இழுத்துக்கொண்டு போகும். பெயிண்ட் ஒரு பக்கமாகச் செதுக்கிக்கொண்டு வரும். எத்தனை ஹெல்மெட் பார்த்திருக்கிறோம். இதில் மேலிருந்து நேராக இறங்கின வட்டமான பள்ளம் மட்டும் இருந்தது. பி.டி. சார் வாங்கிப் பார்த்தார், மில்லுக்காரரிடம் கொடுத்தார். கடைசியில் பி.டி. சார்தான் வாயைத் திறந்தார்.

"இது ரோடு இல்லீங்க, ஏட்டையா."

அவர் எங்களைப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, வண்டியை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டார். ஜாக்கெட்டும் கையுறையும் மாட்டி அவர் எந்த ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பது எங்கள் மண்டையில் அப்போதுதான் ஏறியது. டீ பாதியில் இருக்க மூவரும் அவர் பின்னாலேயே கிளம்பினோம்.

அவர் வீட்டுத் தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தையும் மீறி வீட்டுக்குள்ளிருந்து கெட்ட வார்த்தை கேட்டது. கேட்டைத் தள்ளினேன். புல்லட் நிறுத்தும் இடத்தில் ஒரு செங்கல் கிடந்தது. அதன் முனையில் கம்பித் தடுப்பின் கறுப்புப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. ஈ உட்காரப் பொறுக்காத அந்த மனிதர், விழுந்ததற்குச் சாட்சி வேண்டுமே என்று தன் வண்டியைத் தானே செங்கல்லால் தேய்த்திருக்கிறார்.

உள்ளே ஏட்டையா ஜாக்கெட், கையுறை, ஹெல்மெட் எல்லாவற்றோடும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகன் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து அடித்துக்கொண்டிருந்தான். கையில் அவருடைய பழைய லத்தி. முனையில் இரும்புப் பூண் போட்டது. தோளில் ஓர் அடி, முதுகில் ஓர் அடி. அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. பி.டி. சார் பாய்ந்து லத்தியைப் பிடுங்கினார். நான் அவன் சட்டையைப் பிடித்துச் சுவரோடு மோதினேன். மூக்கு உடைந்து ரத்தம் என் கைமேல் கொட்டியது. கீழே விழுந்தவனை உதைத்தேன். அவனை உதைத்ததற்கு எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது. அப்பனை அடிக்கிற கையை ஒடித்துப் போட்டிருந்தாலும் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். மில்லுக்காரர் பி.டி. சாரிடமிருந்து லத்தியை வாங்கினார். மூட்டை தூக்கிப் பழகிய கை. இரண்டு கையாலும் தலைக்கு மேல் ஓங்கினார்.

ஏட்டையா எப்படி எழுந்தார் என்று தெரியவில்லை. தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி மகன் தலையில் மாட்டி அழுத்தினார். லத்தி இறங்கி அதன்மேல் டங்கென்று விழுந்தது. மில்லுக்காரருக்கு ஆத்திரத்தில் கண் தெரியவில்லை, மறுபடி ஓங்கினார். அதற்குள் ஏட்டையா மகன்மேல் கவிழ்ந்து படுத்துவிட்டார். இரண்டாவது அடி அவருடைய வெறுந்தலையில், காதுக்கு மேலே விழுந்தது. தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. மில்லுக்காரர் லத்தியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"வுட்டுடுங்க சார்," என்றார் ஏட்டையா. ரத்தம் கண்ணுக்குள் வழிந்துகொண்டிருந்தது. "அவன் புதுசா ஒண்ணும் பண்ணல. சின்ன வயசுல நான் குடுத்ததத்தான் திருப்பிக் குடுத்துகினு இருக்கறான்."

ஹெல்மெட்டுக்குள் அந்த முப்பது வயது ஆள் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தான். கண்ணாடி முழுக்க ஆவி படிந்து முகம் தெரியவில்லை. நான் கழற்றப் போனபோது, அடிக்காதே நைனா என்றான். யாரைச் சொன்னான் என்று எங்களுக்கு விளங்கியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டார். மில்லுக்காரர் வாயைத் திறக்கப் போனார். ஏட்டையா அவர் கையைப் பிடித்து அமுக்கினார். "வண்டிலேர்ந்து வுழுந்துட்டேங்க" என்றார். மகனுக்காகச் சொல்லிப் பழகிய பொய்யை எங்களுக்காகவும் சொன்னார். தையல் ஆறிவிட்டது. ஆனால் இடது காது போய்விட்டது. காதோடு நிதானமும் போய்விட்டது. எழுந்து நின்றாலே ஒரு பக்கம் சாய்கிறார். இனி இரண்டு சக்கர வண்டி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தனை அடிக்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் புல்லட்டில் வந்த மனிதரை வண்டியிலிருந்து இறக்கியது எங்கள் அடிதான்.

இப்போது சில சாயங்காலங்களில் ஏட்டையாவைப் பார்க்கிறேன். மகன் தோளைப் பிடித்தபடி மெல்ல நடக்கிறார். அவன் கை அவர் இடுப்பில் இருக்கிறது. அவன் திருந்திவிட்டானா, கதவைச் சாத்தினால் என்ன நடக்கிறது, எனக்குத் தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை. வணக்கம் வைத்தால் ஏட்டையா சிரிக்கிறார், நின்று பேசுவதில்லை. டீக்கடைக்கு அவர் திரும்பி வரவே இல்லை. ஆனால் தையல் பிரித்த வாரம் மகனிடம் ஹெல்மெட்டைக் கொடுத்தனுப்பினார். அவன் யார் முகத்தையும் பார்க்காமல் அதை மேசைமேல் வைத்தான். "நைனா மேசைக்கு வெக்கச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வழக்கப்படி கையில் எடுத்தோம். உச்சியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பள்ளங்கள். ஒன்று மகன் அடித்தது, மற்றது மில்லுக்காரர் அடித்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம், மாற்றி மாற்றித் தடவினோம். இரண்டிலும் கீறல் இல்லை, இரண்டும் ஒரே ஆழம். எது யாருடையது என்று மூவராலும் சொல்ல முடியவில்லை. மற்ற இருவரும் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டேன் என்றதால் என் சுவருக்கு வந்தது. இன்றைக்கும் டிசைன் ஓடாத நேரத்தில் அதை இறக்கி விரலால் தடவிப் பார்க்கிறேன். இன்னும் தெரியவில்லை.