அமெரிக்காவிலும் கடைக்கு வராத சிப்

தொண்ணூற்றாறாம் வருடம், ஆடி முடிந்து ஆவணி பிறந்திருந்த நேரம். கோயமுத்தூர் சிங்காநல்லூரில் குடியிருந்தோம். நான் ஒரு நாளிதழில் பிழை திருத்தும் வேலையில் இருந்தேன். அப்பா காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அம்மா எங்கள் வீதி முனையில் மாவு மில் நடத்திவந்தார். பல்லடத்தில் தறி ஓட்டும் குடும்பம் ஒன்றிலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு பக்கமும் பிடித்துப்போய், நிச்சயத்துக்கு நாள் குறிப்பதுதான் பாக்கி.

ஜாதகம் முதலிலேயே பொருந்தியிருந்தது. நான் பிறந்தபோது அம்மாவின் ஊரான சத்தியமங்கலத்தில் ஒரு ஜோசியர் கையால் எழுதிக் கொடுத்த ஜாதகம் அது. ஆனால் அப்போது புதிதாக ஒரு பழக்கம் கிளம்பியிருந்தது. கையால் எழுதியது பொருந்தினாலும், கம்ப்யூட்டரில் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட வேண்டும். மாப்பிள்ளையின் அம்மாவும் என் பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஜாதக சென்டருக்குப் போனார்.

அடுத்த நாள் காலையில் நேராக எங்கள் மில்லுக்கு வந்தார். வீட்டுக்கு வரவில்லை, மில்லுக்குத்தான் வந்தார். வேலைக்குக் கிளம்பும் முன் அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்க நானும் அங்கே போயிருந்தேன். மிளகாய் அரைபட்டுக்கொண்டிருந்தது. தூக்குப் போசியோடும் பையோடும் பெண்கள் வரிசையில் நின்றார்கள். மில் ஓடும்போது யாரும் மெதுவாகப் பேச முடியாது. அந்த அம்மாவும் மெதுவாகப் பேசவில்லை.

"ஏனுங்க அம்மணி, நாங்க தறிக்குழிக்குள்ளயே கெடக்கறவங்க, ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுப்போட்டீங்களா? நாலாம் எடத்துல இருக்கற செவ்வாயை நைசா மூணுல தூக்கி வெச்சுப்போட்டீங்களே!"

நாலில் செவ்வாய் என்றால் தோஷம், மூன்றில் என்றால் இல்லை. தோஷத்தை மறைக்க ஜாதகத்தைத் திருத்தி எழுதி வாங்குகிறவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். எங்களையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்.

அம்மா மோட்டாரை நிறுத்தினார். "நான் எதையும் மாத்தலீங்க. அவிங்கப்பா இருந்தப்ப எழுதுனதுங்க அது."

"கையில எழுதுனதைத் திருத்தலாமுங்க. கம்ப்யூட்டரைத் திருத்த முடியுமா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கல்யாணம் நின்றதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அந்தப் பையனிடம் நான் முழுசாக நாலு வார்த்தை பேசியதுகூட இல்லை. ஆனால் அம்மாவின் பெயர் கெட்டுப்போனது வேறு விஷயம். மாவு மில்லில் சொன்ன வார்த்தை மாலைக்குள் எத்தனை சமையலறைக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. துக்கம் விசாரிப்பதுபோல வந்து, "செவ்வாய் நெசமாலுமே எந்த எடத்துலங்க அக்கா?" என்று கேட்டார்கள். அதைவிட மோசம், ஒருத்தி வரிசையில் நின்றுகொண்டே சொன்னது: "இந்த மில்லுல அரிசி மட்டுமில்லீங்க, ஜாதகமும் நல்லா நைசா அரைச்சுக் குடுப்பாங்க." எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சல்லடையைத் தட்டிக்கொண்டே நின்றார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

என் வேலையில் ஒரு விதி உண்டு. மூலமும் அச்சும் ஒத்துப்போகவில்லை என்றால், எது தப்பு என்று பார்க்காமல் மூலத்தின் மேல் கை வைக்கக் கூடாது. அந்த அம்மா மட்டுமல்ல, எங்கள் வீதி முழுக்கவே அச்சில் வந்ததுதான் சரி என்று முடிவு கட்டிவிட்டது. நான் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் காந்திபுரத்துக்குப் போனேன்.

சென்டர் அப்போதுதான் திறந்திருந்தது. முன்னால் எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸும். பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட ஏ.சி. ரூமில் கம்ப்யூட்டர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பக்கத்தில் ஊதுபத்தி. வாசலில் பெரிய போர்டு: 'அமெரிக்காவில்கூட இன்னும் கடைக்கு வராத அதிவேகக் கம்ப்யூட்டரில் துல்லியமாக ஜாதகம் கணிக்கப்படும்.'

உரிமையாளர் கலகலப்பான மனிதர். போர்டைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்தது. "சத்தியமான வார்த்தைங்கம்மணி. இதுக்குள்ள இருக்கற சிப்பு இன்னும் மார்க்கெட்டுக்கே வரலீங்க. கிராஸ்கட் ரோட்டுல ஒரு தம்பி, பெங்களூருல புடிச்சு நமக்குன்னு கொண்டாந்து குடுத்துச்சு. செகண்ட் ஹேண்டுதான், ஆனா கோயமுத்தூருக்கே மொதல்ல நம்மகிட்டத்தான்." எந்தப் புது மிஷினையும் ஊரிலேயே முதலில் வாங்கிவிட்டேன் என்று சொல்வதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. அது லேத்தாக இருந்தாலும் சரி, மோட்டாராக இருந்தாலும் சரி.

என் விவரங்களைக் கொடுத்தேன். தட்டினார். பிரிண்டர் கிரீச்சிட்டு ஓய்ந்தது. செவ்வாய் மூன்றில்.

"போன வாரம் இதே விவரத்துக்கு நாலுன்னு குடுத்திருக்கீங்க" என்றேன்.

சிரித்தார். "வந்தவங்க நேரத்தைத் தப்பாச் சொல்லியிருப்பாங்க. கம்ப்யூட்டரு தப்பாப் போடாதுங்க." அவர்கள் எந்த நேரத்தில் வந்தார்கள் என்று கேட்டேன். மத்தியானம், கூட்டம் நெரித்துக்கொண்டிருந்தபோது என்றார். அப்படியென்றால் நானும் மத்தியானம் வரை இருக்கிறேன் என்று சொல்லி, ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனால் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மிஷின் ஓய்வே இல்லாமல் ஓடியது. மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும், என் விவரத்தை மறுபடி போடச் சொன்னேன். ஒவ்வோர் எழுத்தாக நானே திரையில் சரிபார்த்தேன். அதே தேதி, அதே நேரம், அதே ஊர். செவ்வாய் நாலில் வந்து உட்கார்ந்திருந்தது.

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "வைரஸா இருக்கும்" என்றார். "கரண்டு ஏத்த இறக்கமா இருக்கும்" என்றார். கடைசியில் என் காலைப் பார்த்து, "ஏனம்மணி, செருப்பைக் கழட்டிப்போட்டுத்தான வந்தீங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. மிஷின் தப்பு செய்தது கண் முன்னால் தெரிகிறது. அப்போதும் அவருக்குச் சந்தேகம் மனிதர்கள் மேல்தான்.

மிஷினை நிறுத்தி, பெட்டியைத் திறந்து ஆற விட்டு, மறுபடி போட்டுப் பார்த்தோம். செவ்வாய் மூன்றுக்குத் திரும்பியிருந்தது. சூடு ஏறினால் கணக்குத் தடுமாறுகிறது. அவருக்கே அப்போது ஒன்று புரிந்தது. என் செவ்வாய் மூன்றாம் வீட்டின் கடைசி எல்லையில் நிற்கிறது. துளி பிசகினாலும் நாலுக்குப் போய்விடும். எல்லையில் இல்லாதவர்களுக்கு அந்தப் பிசகு கண்ணிலேயே படாது.

பெட்டியை ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் கிராஸ்கட் ரோட்டுக் கடைக்குப் போனோம். மாடிப்படியை ஒட்டிய சின்ன அறை. விற்றவன் என் வயதுதான் இருப்பான். சிப்பின் மேல் ஒட்டியிருந்த ஃபேனை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தான். அதன் மேல் 'பிரித்தால் கியாரண்டி கிடையாது' என்று ஒரு ஸ்டிக்கர். இத்தனை நாள் அதை யாரும் பிரிக்காததற்கு அந்த ஸ்டிக்கர்தான் காரணம். பசையைத் துடைத்ததும் சிப்பின் முகத்தில் ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. குனிந்து படித்தேன். ரகசியமானது, சோதனைக்கான மாதிரி என்று இருந்தது.

அவன் மறைக்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறாத விஷயம். பொறுமையாக விளக்கினான். கம்பெனி புதுச் சிப்பை விற்பனைக்கு விடுமுன், அதைப் பொருத்துகிற மதர்போர்டு தயாரிப்பவர்களுக்குச் சோதித்துப் பார்க்கக் கொஞ்சம் கொடுக்குமாம். அதில் என்னென்ன கோளாறு என்று கண்டுபிடித்துச் சொன்னால், திருத்தித்தான் கடைக்கு விடுவார்களாம். சோதித்து முடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், விற்கக் கூடாது. ஆனால் சில எப்படியோ வெளியே வந்து பழைய சாமான் சந்தைக்குப் போய்விடும். எல்லாம் கெட்டது இல்லை, நிறைய நன்றாகவே ஓடும் என்றான்.

"கேம் ஆடறவங்க, லெட்டர் அடிக்கறவங்க யாரும் ஒரு கொறை சொன்னதில்லீங்க. நீங்க ஜாதகம் போடுவீங்கன்னு நான் கண்டனா?"

"கடைக்கே வராத சரக்குன்னு சொல்லித்தானப்பா குடுத்தே?" என்றார் சென்டர்காரர்.

"பொய்யாங்கண்ணா சொன்னேன்? இன்னும் வரலியே."

அவ்வளவுதான் அவன் பதில். மறு பேச்சில்லாமல் சாதாரணச் சிப் ஒன்றை மாற்றிக் கொடுத்தான். பழையதைத் துடைத்து, மாற்றுச் சிப்பை எடுத்த அதே டப்பாவில் போட்டு வைத்தான். அதை என்ன செய்வாய் என்று கேட்டேன். கோபிசெட்டிபாளையத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிற ஒருவர் கேட்டிருக்கிறாராம், அவருக்குப் போகுமாம்.

"சாம்பிள்னு சொல்லித்தானே விப்பீங்க?"

"சொன்னா யாருங்க வாங்குவாங்க?"

நான் குரலை உயர்த்தினேன். என்ன பேசினேன் என்று முழுசாக நினைவில்லை. சென்டர்காரர் என்னைத்தான் அடக்கினார். "வுடுங்கம்மணி, நமக்கெதுக்கு ஊர் வம்பு. என்ற மிஷினு சரியாயிருச்சுல்லீங்க."

என் அம்மாவின் பெயர் சரியாகவில்லையே. பல்லடத்துக்கு வந்து நேரில் சொல்லுங்கள் என்று அவரைக் கேட்டேன். முகம் இறுகிவிட்டது. வெளியே தெரிந்தால், அந்த மிஷினில் ஜாதகம் போட்ட அத்தனை பேரும் வாசலில் வந்து நிற்பார்களே! கடைசியில் அவருடைய பூத்திலிருந்தே பல்லடத்துக்குப் போன் பேசினார். "ஒரு சின்ன மிஸ்டேக் ஆயிப்போச்சுங்க" என்று மட்டும் சொன்னார். அவர் வாயில் அது சின்ன மிஸ்டேக்.

மறுநாள் அலுவலகத்தில் செய்தி ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லி, நாலு வரி போடலாமா என்று கேட்டேன். கவனமாகக் கேட்டார். பிறகு, அந்த சென்டர் நமக்கு விளம்பரம் தருகிற இடமாயிற்றே என்றார். அதோடு முடிந்தது.

அந்த வாரமே மாப்பிள்ளையின் அம்மா பூவும் பழமுமாக வந்தார். இந்த முறை வீட்டுக்கு, யாரும் இல்லாத நேரம் பார்த்து. "தப்பு மிஷினுதுங்க அம்மணி. போச்சாது வுடுங்க, நல்ல நாள் பாத்துப்போடலாம்" என்றார். நடந்ததில் அவருக்குப் பங்கே இல்லை என்கிற மாதிரி.

அம்மா காப்பி கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்: "அன்னிக்கு மில்லுல வெச்சுச் சொன்னீங்க. இதையும் மில்லுல வந்து சொல்லிப்போடுங்க. காத்தால வந்தீங்கன்னா எல்லாரும் இருப்பாங்க."

"அதெப்படீங்க? எங்களுக்கும் ஒரு கவுரவம் இருக்குதுல்லங்க?"

"இருக்குதுங்க. அதனால பழத்தை எடுத்துக்கங்க."

பின்னால் எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது, நன்றாகவே இருக்கிறேன். மில்லில் பேச்சும் மெல்ல அடங்கியது. அங்கே சிரித்தவர்கள் மறந்தார்களே தவிர, சிரித்தது தப்பு என்று ஒருவரும் வந்து சொல்லவில்லை. எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை உண்டா என்பது இங்கே பேச்சில்லை. நம்புகிறவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு, சோதித்து முடியாத ஒரு பொருளை வைத்துத் தீர்ப்பு எழுதிக் கொடுத்தார்கள். தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை.

என் ஒருத்தியின் ஜாதகம் பிசகியது வெளியே வந்தது, நான் விடாமல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்ததால். அந்த மாதங்களில் மத்தியானக் கூட்டத்தில் நின்று, அந்த மிஷினிடம் ஜாதகம் வாங்கிப்போன மற்ற பெண்களில் எத்தனை பேர், இல்லாத தோஷத்தை இருப்பதாக நம்பி இன்றும் தங்களையே நொந்துகொண்டிருக்கிறார்களோ என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருகிற கோபம் ஆறவில்லை, அது ஆற வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.