அலமேலுவுக்கு நான் போட்ட பூஜ்யங்கள்

அலமேலு போய்விட்டாள். இன்று காலை, மொரப்பூரில், அவள் வீட்டில்.

போன் வந்தபோது பஸ்ஸில் இருந்தேன். "சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். என்ன சரி? எனக்கே தெரியவில்லை...

இங்கே நிறைய பேருக்கு அவளைத் தெரியாது. புற்றுநோய் வலியைக் குறைக்கப் புதுவழி தேடும் ஒரு ஆய்வில் நான் நர்ஸ், அவள் ஃபீல்டு ஒர்க்கர். என்னைவிடப் பத்து வயது சின்னவள். நாலு வருஷமாக அவள் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து ஊர் ஊராகப் போய், நோயாளிகளைப் பார்த்து, மாத்திரை கொடுத்து, படிவம் நிரப்பிக்கொண்டு வருவேன்.

முதல் வாரமே எங்களுக்குச் சண்டை.

ஏரியூர் பக்கம் ஒரு அம்மா. கர்ப்பப்பையில் புற்று. நான் படிவத்தில் உள்ளபடியே கேட்டேன். "வலி இருக்குதுங்களா? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

அந்தம்மா சிரித்துவிட்டார். "இந்த வயசுல எனக்கு எதுக்குமா வலி வருது? பேத்தியே பெரிய மனுசி ஆயிட்டா."

பூஜ்யம் போட்டேன்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அலமேலு பேப்பரை என் கையிலிருந்து பிடுங்கினாள். "அக்கா, வலின்னதும் அந்தம்மா புள்ள பெக்கற வலின்னு நெனச்சிக்கிச்சுங்க. 'நோவுதா'ன்னு கேக்கோணும்."

திரும்ப உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கம்மா நோவுது?" என்றாள். அவ்வளவுதான். அந்தம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. அத்தனை வருஷ சர்வீஸ் எனக்கு. பத்தாவது படித்தவள் என் பேப்பரை அடித்துத் திருத்துகிறாள். "உன் வேலை வழி காட்டறது, அத மட்டும் பாரு" என்று சொல்லிவிட்டேன். பென்னாகரம் டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "கோவம் போயிருச்சுங்களா, இல்ல ஒரு பன்னும் சொல்லட்டுங்களா?" என்றாள்.

பன்னும் தின்றேன்.

அப்புறம் அந்த நம்பர். எங்கள் ஜனங்களிடம் நம்பர் கேட்டால் எங்கே வரும்? "பரவால்லைங்க" என்பார்கள். பரவால்லைக்கு எத்தனை மார்க் போடுவது?

அலமேலு நம்பரையே விட்டுவிட்டாள். "இன்னைக்கு எந்த வேலைய பாதியில வுட்டீங்க?" என்று கேட்பாள். கொட்டும் பாருங்கள்... தலை வாரக் கை ஏறவில்லை. சம்மணம் போட்டுச் சாப்பிட முடியவில்லை. ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை.

ஆய்வை நடத்தும் டாக்டர் அவற்றையே கேள்விகளாக எழுதி, முடிகிறது என்றால் பூஜ்யம் என்று மார்க்கும் வைத்து, ஆய்வில் சேர்த்துவிட்டார். ஆஃபீஸில் அதற்கு "அலமேலு பேப்பர்" என்றே பெயர். அதில் வரும் பதிலைப் பார்த்துத்தான் மார்ஃபின் மாத்திரையைக் கூட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்வோம்.

போன வருஷம் அவளுக்கே வந்தது. மார்பில் ஆரம்பித்து எலும்பில் இறங்கிவிட்டது.

"என்னையும் ஆய்வுல சேத்துக்கங்க்கா. நம்ம பேப்பரு ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாத்துரலாம்" என்றாள். அந்த நிலையிலும் நக்கல்.

வண்டி ஓட்ட முடியாமல் போனபிறகும் அவள் வேலையை விடவில்லை. வீட்டிலிருந்தே நோயாளிகளுக்கு போன் போட்டு விசாரிப்பாள். வாரம் ஒருமுறை நான் அவளுக்கு போன் போட்டு விசாரிப்பேன்.

"தலை வாரினியா?"

"ரெட்டை ஜடையே போட்டுக்கினேங்க்கா."

"படுத்தா தூங்க முடியுதா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேன். எங்கூட்டுக்காரர்தான் கொறட்ட தாங்கலைன்றாரு."

சிரித்துக்கொண்டே பூஜ்யம் போடுவேன். அடுத்த வாரமும் பூஜ்யம். அதற்கடுத்த வாரமும்.

இன்று அவள் வீட்டுக்காரர் வாசலில் நின்று சொன்னார்.

"மூணு வாரமா படுக்கவே இல்லீங்க மேடம். முதுவு பாயில பட்டா கத்துவா. பிளாஸ்டிக் சேர்லயே உக்காந்துனு இருந்தா. தலைகூட நான்தான் வாரி வுட்டேன்."

"ஏங்க எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. மாத்திரைய கூட்டுனா தூக்கமா வருதாம், போன்ல பேசறப்ப நாக்கு கொழறுதாம். தெரிஞ்சா நீங்க வேலைய வாங்கிக்குவீங்கன்னு பயந்தா."

கேள்விகளே அவளுடையவை. எந்தப் பதிலைச் சொன்னால் நான் பூஜ்யம் போடுவேன் என்று அவளுக்குத் தெரியாதா?

மருந்து கையில் இருந்தது. கூட்டியிருந்தால் படுத்திருப்பாள். தூக்கம் கொஞ்ச நாளில் பழகியிருக்கும், பழகாவிட்டால் மருந்தை மாற்றியிருப்போம். ஊருக்கெல்லாம் இதைச் சொன்னவளே அவள்தான்.

மொரப்பூர் என்ன கண்காணாத தேசமா? ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம். போனில் அவள் சிரித்தாள், நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அதுதான் உண்மை.

அங்கே நின்றிருந்தபோதே அவள் போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். ஒரு பெரியவர், எங்கள் நோயாளிதான்.

"அலமேலும்மா... காலையில போனே காணமே. உனுக்கு ஒண்ணுமில்லியே?"

எத்தனையோ வீட்டில் சாவுச் செய்தி சொன்ன வாய் இது. அவரிடம் சொல்ல முடியவில்லை.

"தூங்கறாங்கய்யா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உன் மேல் ரொம்பக் கோபமாக இருக்கிறேன் அலமேலு... போ சாமி.