யோகம் அக்கா பூசிய களிமண்

திருகோணமலையில் நான் தொலைக்காட்சிச் செய்தியாளன். அநியாயங்களைத் தோண்டியெடுப்பதுதான் எங்கள் நிகழ்ச்சி. அப்படித்தான் சம்பூரில் யோகம் அக்காவின் வீட்டுக்குப் போனேன். வீட்டுத்திட்டத்தில் கட்டிய அந்த வீட்டின் சுவர் ஒரு மாரிக்கே வெடித்துவிட்டது. பாம்பு நுழையாமலிருக்க, அவர் வெடிப்பைக் களிமண்ணால் பூசி அடைத்திருந்தார்.

"வெடிப்பு கமராவில தெரியேல்ல," என்றார் ஒளிப்பதிவாளர். நான் அக்காவிடம் காய் வெட்டும் குசினிக் கத்தியை வாங்கிக் களிமண்ணைச் சுரண்டினேன். வெயில் உள்ளே பாய்ந்தது. பிறகு கமராவைப் பார்த்து, "நாங்கள் வரும்போதே இப்படித்தான் இருந்தது" என்றேன்.

நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் யோகம் அக்காவின் முறைப்பாட்டை வீட்டுத்திட்ட அலுவலகத்தில் விசாரித்தார்கள்; நானும் போயிருந்தேன். வீடு கட்டிய கொந்தராத்துக்காரர் சிரித்தபடி அதிகாரியிடம் தன் கைப்பேசியை நீட்டினார். வேலிக்கு வெளியே நின்று அவருடைய ஆள் எடுத்த படம். அதில் நான் கத்தியும் கையுமாகச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"சுவரை உடைச்சதே டிவிக்காரர்தான், சேர்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கன்னத்தில் ஓங்கி அறையலாம் போலிருந்தது.

யோகம் அக்கா பதறி எழுந்தார். "இல்ல சேர், அது நான் பூசின களிமண்! தம்பி, நீங்கள் சொல்லுங்கோவன்!"

நான் சொல்லவில்லை. சொன்னால் கமராவுக்கு முன்னால் நான் சொன்னது பொய்யென்று ஆகிவிடும். தலையைக் குனிந்துகொண்டேன். அவருடைய முறைப்பாடு தள்ளுபடியானது.

அந்தக் கொந்தராத்துக்காரரை நினைத்தால் இன்றும் உடம்பு எரிகிறது. ஆனால் அவராவது பொய் சொல்ல வாயைத் திறந்தார். ஊரையெல்லாம் கேள்வி கேட்கிற நான், உண்மை சொல்லத் திறக்கவில்லை.