பொருந்தாமல் போன சிறுநீரகம்

செங்கல்பட்டில் ஒரு ரத்த வங்கியில் டெக்னீசியனாக இருந்தாள் ரெபேக்காள். அப்பா தேவசகாயம் பிறர் நிலத்தில் ஏர் ஓட்டியே அவளை டிப்ளமோ படிக்க வைத்தார். நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான சீரத்தோடு தானமாக வந்த ரத்தத்தைக் கலந்து, சிவப்பணுக்கள் கட்டிகட்டியாகத் திரள்கின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை. திரண்டால் அந்த ரத்தத்தை ஏற்றக்கூடாது. பத்து வருஷத்தில் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை.

தம்பி தர்மராஜ் அணுபுரத்தில் ஒயரிங் வேலை பார்த்தவன். தொண்ணூற்றேழில் அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. டயாலிசிஸின்போது ரத்தம் குறையக் குறைய ஒன்பது பை ஏற்றினார்கள். ஒன்பதையும் பொருத்தம் பார்த்து அனுப்பியவள் ரெபேக்காள்தான். பிறகு தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தரவும் அவளே முன்வந்தாள். கணவன் பூபாலன் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டான்.

சென்னையில் கடைசிப் பரிசோதனை. அவளுடைய வெள்ளையணுக்களைப் பிரித்து, தம்பியின் சீரத்தை விட்டு, அணுக்களைக் கொல்ல உதவும் முயல் சீரமும் நீலச் சாயமும் சேர்த்தார்கள். தம்பியின் சீரத்தில் உள்ள எதிர்ப்பொருள் அவள் அணுக்களின் மேலுள்ள புரதத்தைப் பற்றிக்கொண்டால், அவை செத்து நீலமாகும். லேபில் இருந்த சடையப்பன், "நீங்களும் லேப்காரங்கதானே, பாருங்க" என்று நகர்ந்துகொண்டார்.

மைக்ராஸ்கோப்பில் பத்துக்கு எட்டு நீலம்.

"இன்னொருவாட்டி போட்டுப் பாக்கலாமா சார்?"

"ரெண்டுவாட்டி போட்டாச்சும்மா. ஒங்க கிட்னி சேராது. தம்பிக்கு முன்ன ரத்தம் நெறைய ஏத்தினாங்களா? அதுல கலந்து வர்ற வெள்ளையணுவாலதான் ஒடம்பு இப்புடி எதிர்க்கக் கத்துக்கும்."

திரும்பும் பஸ்ஸில் அவளால் மறைக்க முடியவில்லை. "நான் பாத்து அனுப்புன ரத்தம்தான்டா தர்மா."

அவன் ஜன்னல் பக்கமிருந்து திரும்பினான். "அது இல்லன்னா நான் அப்பவே செத்துப் பூட்டிருப்பேன்கா. நீ இன்னா பண்ணுவ?"

கூடுவாஞ்சேரி தாண்டும்வரை அழுதாள். அவள் கையிலிருந்த பைலை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான் அவன்.

வேறு யாருடைய சிறுநீரகமும் சேரவில்லை. இரண்டாயிரம் ஆகஸ்டில் தர்மராஜ் இறந்தான்.

அதன்பின் சிறுநீரக நோயாளிக்கு ரத்தம் கேட்டுச் சீட்டு வந்தால் ரெபேக்காள் வார்டுக்கே போய்விடுவாள். "இவருக்கு மாத்துக் கிட்னி வெக்கிற யோசனை கீதுங்களா, டாக்டர்? ரத்தம் கட்டாயம் வேணுமா?" சிலர் அதட்டி அனுப்பினார்கள். ஒருநாள் ஓர் இளம் டாக்டர் கொஞ்சம் யோசித்து, சீட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்தார்.

அன்று சாயங்காலம் பூபாலனிடம் அதைச் சொன்னாள்.

"என் தம்பிக்கு ரத்தம் ஏத்தறப்ப நான் இந்தக் கேள்வியக் கேக்கலயே" என்றாள்.